மாதிரிக் கட்டுரைகளை மூடி வையுங்கள்!



இன்று எழுதப் போவது சிலருக்குக் கசக்கலாம். நம் தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரைப் பாடம் என்ற பெயரில் நடைபெறுவது, பெரும்பாலும், எழுத்துப் பயிற்சி அன்று, மனனப் பயிற்சி. பிள்ளைகள் எழுதவில்லை, வேறொருவர் எழுதியதை நினைவிலிருந்து இறக்கி வைக்கிறார்கள். இந்த வழக்கத்தைக் கைவிடாமல், "இக்காலப் பிள்ளைகளுக்கு எழுத்தில் ஆர்வமே இல்லை" என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து வருந்துவதில் ஒரு பொருளும் இல்லை என்பது என் கருத்து.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளரும் பிள்ளையின் கட்டுரைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ‘கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது’ என்றொரு கட்டுரை நிச்சயம் இருக்கும். அலைகள் நுரை தள்ளி வந்து பாதங்களை முத்தமிடும். கதிரவன் செந்நிறப் பந்தாய்க் கடலுக்குள் இறங்குவான். தென்னங்கீற்று அசையும். எழுதிய பிள்ளையோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறது. கடலை நேரில் கண்டிருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்று தலையசைக்கிறது. பிறகெப்படி எழுதினாய்? "புத்தகத்தில் இருந்தது, ஐயா."

அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்: ‘நான் ஒரு குடை’. தன்கதை என்பது நம் பள்ளிகளுக்கே உரிய ஓர் இலக்கிய வகையாகிவிட்டது. குடை ஒரு தொழிற்சாலையில் பிறக்கும், கடைக்கு வரும், ஒரு செல்வந்தர் தம் மகளுக்கு வாங்கித் தருவார், சில மாதம் சீரோடு வாழும், ஒரு நாள் கம்பி ஒடியும், குப்பைமேட்டில் கிடந்து கண்ணீர் வடிக்கும். பேனாவும் அங்கேதான் வந்து சேரும். காலணியும், பள்ளிப்பையும், மிதிவண்டியும் அங்கேதான். இத்தனை ஆண்டுகளாக இத்தனை பொருள்களை ஒரே குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கொட்டிய பிறகும் நமக்குச் சலிக்கவில்லை என்பது வியப்பாக உள்ளது!

அந்தப் பிள்ளையின் புத்தகத்தில் எது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தேயிலை இல்லை. காலை ஆறரைக்கு வாசலை மறைத்து நிற்கும் மூடுபனி இல்லை. இடுப்பில் நெகிழித்தாளைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் பெண்கள் இல்லை. இரண்டு பேர் இரு புறமும் பிடித்துச் செல்லும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் வகுப்பறைக்குள் வருகிறது, கட்டுரைக்குள் வருவதில்லை. வார இறுதியில் கீழிருந்து வரும் கார்கள் மலைப்பாதையை அடைத்துக்கொள்வதால் கடைக்குப் போன அப்பா வீடு திரும்ப மூன்று மணி நேரமாவது இல்லை. மண்சரிந்து பாதை மூடப்பட்ட நாள் இல்லை. பக்கத்து லயத்தில் குடியிருக்கும் வங்காளதேச அண்ணன் கைப்பேசியில் தன் மகளோடு பேசுவது இல்லை. ஒரு பிள்ளையின் வாழ்வில் உள்ளதெல்லாம் விடுபட்டு, இல்லாததெல்லாம் அழகிய கையெழுத்தில் நிரம்பியிருக்கிறது. நாமும் அதற்குச் சிவப்பு மையில் ‘மிக நன்று’ போட்டு அனுப்புகிறோம்.

இது எவ்வாறு வேரூன்றியது என்பது நாம் அறிந்ததே. 1988ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. வாக்கியம் அமைத்தல், கட்டுரை என்று எழுத்துக்குத் தனித்தாள் இருந்தது. தமிழ்மொழி எழுத்துத் தாளில் ‘ஏ’ பெறுவது பள்ளியின் மானமாயிற்று. குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட அளவு எழுத வேண்டுமெனில் முன்னரே எழுதி வைத்ததை மனனம் செய்வதே எளிய வழி. தொடக்கத்துக்கு ஐந்து வரி, நடுவில் செருக இரண்டு உவமைத்தொடர், ஒரு பழமொழி, முடிவுக்கு மூன்று வரி. ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைக் கேள்வி கேட்பவர் பலர் இருந்தனர். ஆனால் 2020இல் பெருந்தொற்றினால் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021இல் அது ஒழிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. முப்பதாண்டுக்கும் மேற்பட்ட கட்டு அவிழ்ந்தது. என்ன செய்தோம்? தேர்வு போயிற்று, தேர்வுப் புத்தகம் போகவில்லை. கட்டுரைப் பயிற்றிகள் புதிய அட்டையோடு கடைக்கு வந்தன. சில பள்ளிகளில் அதைவிடக் கேடானது நிகழ்ந்தது: "தேர்வுதான் இல்லையே" என்று கட்டுரை எழுதுவதே குறைந்து, கோடிட்ட இடம் நிரப்பும் தாள்கள் பெருகின. மனனமாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

எழுத்து என்பது தேர்வுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும். 1924இல் தோன்றி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில், 1950ஆம் ஆண்டில், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்ற ஒன்றை நடத்தினர். செய்தித்தாளில் ஒரு வகுப்பு! சிறுகதை எழுதுவது எப்படி என்று பாடம் வரும், பயிற்சி வரும், வாசகர்கள் எழுதி அனுப்புவர், அனுப்பியவை மதிப்பிடப்படும். எழுத்தாளர் என்ற சொல்லைத் தம்மோடு பொருத்திப் பார்த்திராத பலர் அதன் வழியே எழுத வந்தனர். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் இந்த வகுப்பைத் தாண்டிச் செல்ல இயலாது. பின்னர் 1952இல் அதே இதழுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்து புதியவர்களின் கதைகளைப் படித்துப் பேசி வளர்த்தார். ஐம்பதுகளில் ‘தமிழ் முரசு’ நடத்திய மாணவர் மணிமன்றம் பள்ளிச் சிறுவர்களின் பெயரை அச்சில் ஏற்றிற்று. அவருள் பலர் பிற்காலத்தில் கவிஞராயினர், ஆசிரியராயினர்.

அந்த முயற்சிகளில் இருந்தவை மிகச் சில. ஒன்று, இடைவிடாத தொடர்ச்சி. இன்னொன்று, எழுதியதைப் படிக்க ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்ற உறுதி. புள்ளியா? பரிசா? அவை இரண்டாம் நிலையில் இருந்தன. நம் வகுப்பறையில் இன்று நிலைமை தலைகீழ். புள்ளி உண்டு, போட்டி உண்டு, நற்சான்றிதழ் உண்டு. தொடர்ச்சியும் இல்லை, படிப்பவரும் இல்லை. பிள்ளையின் கட்டுரையை ஆசிரியர் ‘திருத்துகிறார்’, படிப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எத்தனை தொலைவு என்பதைத் திருத்தப்பட்ட பிள்ளையிடம் கேளுங்கள்.

தேயிலை மலையில் வாழும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இலங்கை மலையகத்தைப் பாருங்கள். அங்கும் நம் முன்னோரைப் போன்றே கப்பலேறிச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள்தாம். அங்கும் லயமும் கங்காணியும் கொழுந்துக் கூடையும்தாம். ஆனால் அங்கே 1914இல் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் வாழ்வை எழுதினார். அவர்கள் வாயில் புழங்கிய பாடல்களைத் தொகுத்து வைத்தார். தெளிவத்தை என்னும் தோட்டத்தில் ஆசிரியராய்ப் பணியாற்றிய ஜோசப், அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, தெளிவத்தை ஜோசப்பாகத் தமிழுலகெங்கும் அறியப்பட்டார். ஒரு தோட்டத்துப் பள்ளி ஆசிரியரால் ஒரு தோட்டத்தின் பெயர் இலக்கியத்தில் நிலைத்தது.

எங்கள் மலையில்? போ தேயிலைத் தோட்டம் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவரால் தொடங்கப்பட்டது. நூறாண்டை நெருங்குகிறது. காட்டை வெட்டிச் சரிவைத் தேயிலையாக்கிய கைகளில் நம்மவர் கைகள் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. மலேசியத் தமிழ்ப் படைப்புகளில் இரப்பர்க் காடு நிரம்ப இருக்கிறது; பால்மரம், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை எல்லாம் இருக்கின்றன. தேயிலை மிக அரிது. இன்று மலைச்சரிவில் வேலை செய்வோருள் அயல்நாட்டினரே மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிச் சென்றவண்ணம் உள்ளன. என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ இன்னும் இருக்கிறார். கவ்வாத்து வெட்டிய கதையை, மழைக்கால அட்டைக்கடியை, தோட்டத்துத் திருவிழாவை, அவர் வாயால் கேட்கக்கூடிய கடைசித் தலைமுறை இந்தப் பதினொருவராக இருக்கலாம். இவர்களிடம் போய்க் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதை மனனம் செய்யச் சொல்கிறோமே, இது அறமா?

உலகில் வேறிடத்திலும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பிரான்சின் தென்பகுதியில் பார்-சுர்-லூப் என்னும் மலையோரச் சிற்றூர். அங்கே 1920களில் செலஸ்தின் பிரெனே என்றோர் இளம் ஆசிரியர். முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலாது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். கண்டதைப் பேசவிட்டார், பேசியதை எழுதவிட்டார். ஒரு சிறிய அச்சுப்பொறியை வாங்கி வகுப்பறையில் வைத்து, அவர்கள் எழுதியதை அவர்கள் கையாலேயே அச்சிடச் செய்தார். 1926இல் பிரித்தானிக் கடற்கரையோரம் திரேகங் என்னும் ஊரில் இருந்த இன்னோர் ஆசிரியரின் வகுப்போடு இவர் வகுப்புக்கு எழுத்துப் பரிமாற்றம் தொடங்கிற்று. மலைப்பிள்ளைகள் மலையைப் பற்றி எழுதி அனுப்பினர்; கடற்கரைப் பிள்ளைகள் கடலைப் பற்றி எழுதி அனுப்பினர். கடலை அறியாத பிள்ளைக்குக் கடலைக் காட்டும் வழி அதுதான். மாதிரிக் கட்டுரைப் புத்தகம் அன்று.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்களா? சொல்கிறேன். பெரிய திட்டம் ஏதுமில்லை. மானியம் கேட்டு மனு எழுத வேண்டியதில்லை.

ஒரு குறிப்பேடு. பள்ளிக் கட்டுரைப் புத்தகமாக இருத்தல் கூடாது. அதற்குப் பிள்ளையே ஒரு பெயர் வைக்கட்டும். என் வகுப்பில் ஒருவன் ‘இரகசிய இலாகா’ என்று வைத்திருக்கிறான். நாள்தோறும் பதினைந்து நிமிடம். அதே நேரம், அதே இடம். மணியடித்ததும் எழுதத் தொடங்க வேண்டும். மணியடித்ததும் நிறுத்த வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. பாதியில் நின்ற வாக்கியம் மறுநாள் பிள்ளையை இழுத்து வரும். ஆசிரியரும் உடன் அமர்ந்து எழுத வேண்டும். இது மிக முதன்மையானது. சமைப்பவர் உண்ணாத சோற்றைப் பிள்ளைகள் நம்புவதில்லை. அமெரிக்காவில் பிள்ளைகளின் எழுத்தை நெடுங்காலம் ஆராய்ந்த டொனால்டு கிரேவ்ஸ், பள்ளி வாரத்தின் ஐந்து நாளில் நான்கு நாளாவது எழுதாத பிள்ளைக்கு எழுத்தின் வழியே சிந்திக்க வாய்ப்பே அமையாது என்று வற்புறுத்தியவர். நம் கால அட்டவணையில் கட்டுரை வாரத்திற்கொரு முறை வந்தால் அதிகம். விளையாட்டுப் போட்டி, விழா என்று அதுவும் தவறிப்போகும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுற்று தவறினால் கொழுந்து முற்றிவிடும் என்பதை அது வீட்டிலேயே கேட்டிருக்கும்.

எதைப் பற்றி எழுதுவது? இங்கேதான் நாம் தவறான கதவைத் தட்டுகிறோம். ‘என் குடும்பம்’, ‘என் இலட்சியம்’, ‘நான் விரும்பும் தலைவர்’ என்று மலைபோன்ற தலைப்பைக் கொடுத்தால் பிள்ளை மனனத்திடம்தான் ஓடும், வேறெங்கே ஓடும்? கேள்வி சிறிதாக இருக்க வேண்டும். கையில் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நேற்றிரவு உன் வீட்டில் கடைசியாக அணைந்த விளக்கு எது, அணைத்தவர் யார்? உன் வீட்டில் யாரும் உட்காராத நாற்காலி உண்டா? தேயிலைச் செடிகளுக்கிடையே நீ தொலைத்த பொருள் எது? மூடுபனியில் பேருந்து வருவதை முதலில் எதனால் அறிகிறாய்?

கடைசிக் கேள்விக்கு நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒன்று எழுதியது இது: "முதலில் பஸ் வராது. முதலில் அதன் மஞ்சள் வெளிச்சம்தான் வரும். அதற்கும் முன்னால் என் தம்பி வந்துடுச்சி என்று சொல்வான். அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை."

நான்கே வாக்கியம். பழமொழி இல்லை, உவமைத்தொடர் இல்லை. ஆனால் மூடுபனி இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஒரு தம்பி இருக்கிறான். இதை வழக்கப்படி திருத்தினால் என்னவாகும்? ‘பஸ்’ வட்டமிடப்பட்டுப் ‘பேருந்து’ ஆகும். ‘வந்துடுச்சி’ அடிக்கப்பட்டு ‘வந்துவிட்டது’ ஆகும். ‘முதலில்’ இருமுறை வந்ததற்கு ஒரு கோடு விழும். ‘கருத்து போதவில்லை’ என்று கீழே ஒரு குறிப்பு. மறுநாள் அந்தத் தம்பி காணாமற்போவான். அவனிடத்தில் பொற்கதிர் பரப்பும் கதிரவன் வந்து நிற்பான்.

ஆகவே நாட்குறிப்பேட்டில் சிவப்பு மை கூடாது. நீல மையும் கூடாது. பிழை திருத்தவே கூடாது. இதைச் சொன்னவுடன் தமிழ்ப்பற்றாளர் சிலர் என்மேல் பாய்வர் என்பதை அறிவேன். நற்றமிழை விட்டுக்கொடுப்பதா? பிள்ளைகளைக் கொச்சைத் தமிழில் எழுதவிடுவதா? ஐயா, ‘பஸ்’ என்று நானும் எழுதுவதில்லை. வல்லினம் மிகாத இடத்தில் மிகுந்தாலே எனக்கு உறக்கம் வராது. ஆயினும் சொல்கிறேன்: பேச அஞ்சும் பிள்ளைக்குப் பேச்சுத் திருத்தம் செய்ய இயலாது. எழுத அஞ்சும் பிள்ளைக்கும் அவ்வாறே. திருத்தத்துக்கு வேறோர் இடம் உண்டு. மாதத்திற்கொரு முறை, பிள்ளை தன் குறிப்பேட்டில் தனக்கு மிகப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அதைச் செம்மைப்படுத்துவோம், ஒற்றெழுத்தும் லகர ளகர வேறுபாடும் அங்கே வரட்டும். தம்பி பேசும்போது ‘வந்துடுச்சி’ என்றே பேசட்டும். மற்றவை எழுத்துத் தமிழில் இருக்கட்டும். கதைமாந்தர் பேச்சைப் பேச்சுவழக்கிலேயே எழுதுவது நம் சிறுகதையாசிரியர்கள் பன்னெடுங்காலமாகச் செய்துவருவதுதானே? தான் சொல்ல விரும்பிய ஒன்றைப் பிறர் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், பிழையை நீக்கப் பிள்ளையே துடிக்கும். அப்போது கற்கும் இலக்கணம் ஒட்டிக்கொள்ளும்.

செம்மைப்படுத்தியவற்றை ஒரு கையெழுத்து இதழாகக் கட்டி வகுப்பறை மூலையில் தொங்கவிடுங்கள். வெள்ளிக்கிழமை, விரும்பியவர் எழுந்து படிக்கட்டும். விரும்பாதவர் பக்கத்தை மடித்து வைக்கலாம். மடித்த பக்கத்தை ஆசிரியர் திறக்கக் கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வையுங்கள். எங்கள் வகுப்பில் அச்சட்டம் உண்டு. மடித்த பக்கங்கள் அதிகமுள்ள பிள்ளைதான் இப்போது மிகுதியாக எழுதுகிறது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

"எழுத்து மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்" என்று இப்போதெல்லாம் பட்டறைக்குப் பட்டறை சொல்கிறார்கள். கேட்க இனிமையாக உள்ளது. நடைமுறையில் என்ன காண்கிறோம்? வண்ணத்தாள் வெட்டுகிறோம், பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒட்டுகிறோம், அதன் சிறகில் இரண்டு வாக்கியம் எழுதச் சொல்கிறோம், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் பிடித்துப் புலனக் குழுவில் பகிர்கிறோம். நாற்பது நிமிடத்தில் வெட்டியதும் ஒட்டியதும் முப்பத்தைந்து, எழுதியது ஐந்து. இது மகிழ்வான கைவினைப் பாடம், எழுத்துப் பாடமன்று. எழுத்தின் மகிழ்ச்சி வேறு வகையானது. தான் எழுதியதைக் கேட்டுப் பின்வரிசை நண்பன் சிரிக்கும்போது வருவது அது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்கும்போது வருவது. பட்டாம்பூச்சி தேவையில்லை.

"எளிய பிள்ளைக்கு மாதிரி இல்லாமல் எழுத வராது" என்பது அடுத்த மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒன்றுமே படிக்காத பிள்ளை ஒன்றும் எழுதாது. ஆனால் அதற்குப் படிக்கக் கொடுக்க வேண்டியது கதை. மாதிரிக் கட்டுரை அன்று. எழுதும் முன் பத்து நிமிடம் ஒரு நல்ல சிறுவர் கதையை ஆசிரியர் உரக்கப் படித்தால் போதும். எழுதவே தெரியாத பிள்ளை சொல்லட்டும். ஆசிரியரோ பக்கத்துப் பிள்ளையோ எழுதட்டும். பிறகு அதைப் பார்த்து அப்பிள்ளை படிக்கட்டும். தன் வாயிலிருந்து வந்த சொல்லை ஒரு பிள்ளை எழுத்தாகக் காணும்போது அதன் முகத்தைப் பார்த்தவர்கள் பயிற்றியைத் தேட மாட்டார்கள். மாதிரிக் கட்டுரையைக் காட்டித்தான் ஆக வேண்டுமெனில், பிள்ளை எழுதி முடித்த பின் காட்டுங்கள். எது உயிரோடு இருக்கிறது என்று அதுவே சொல்லும்.

பணிச்சுமை பற்றி ஆசிரிய நண்பர்கள் கூறுவது முழுக்க உண்மை. தர அடைவைப் பதிவேற்றவே நாள் போதவில்லை. ஆனால் நான் சொல்லும் குறிப்பேட்டைத் திருத்த வேண்டியதே இல்லையே! வாரத்துக்கு ஒரு முறை, பிள்ளை அனுமதித்த ஒரு பக்கத்தைப் படித்து, ஒரே ஒரு வரி பதில் எழுதுங்கள். பாராட்டு வேண்டாம், கேள்வியாக இருக்கட்டும். மலையில் உள்ள நம் பள்ளிகள் பல சிறியவை. பிள்ளை குறைவு என்று கூட்டந்தோறும் வருந்துகிறோம். பதினொரு பக்கம் படிக்க எவ்வளவு நேரமாகும்? நாற்பது பேர் உள்ள நகரத்துப் பள்ளி ஆசிரியர் செய்ய இயலாததை நாம் செய்யலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இதற்குப் புள்ளி உண்டா?" என்று கேட்காதீர்கள். மூன்று கட்டுரைப் புத்தகம் வாங்கித் தந்த காசுக்கு இரண்டு கதைப் புத்தகம் வாங்கித் தாருங்கள். பிள்ளையின் குறிப்பேட்டை அதன் அனுமதியின்றித் திறக்காதீர்கள். பிள்ளை தானாகப் படித்துக் காட்டினால் எழுத்துப்பிழையைச் சொல்லாதீர்கள். விடியலில் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் தாயிடம் பிள்ளையோடு அமர்ந்து எழுதச் சொல்வது அநியாயம். அதனால்தான் இதை வீட்டுப்பாடமாக்கக் கூடாது, பள்ளி நேரத்திலேயே நடத்த வேண்டும் என்கிறேன். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பேசுங்கள். உங்களுக்குத் தெரிந்த தோட்டத்துச் சொற்களைச் சொல்லுங்கள். அச்சொற்கள் எங்கள் பாடநூலில் இல்லை.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, தன் பாட்டியிடம் கேட்டு வந்து சென்ற தவணையில் எழுதினாள்: "பாட்டியின் விரல் நுனி கறுப்பாக இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. கொழுந்து எடுத்த கறை என்று நினைத்தேன். பாட்டி வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. அது கறை இல்லை, வயதாகிவிட்டது என்று பாட்டி சொன்னார். ஆனால் அம்மாச்சிக்கும் வயதாகிவிட்டது. அவர் விரல் கறுப்பாக இல்லை." இந்தப் பக்கத்தை அவள் மடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை எழுந்து படித்தாள். அவள் அனுமதியோடுதான் இங்கே தருகிறேன்.

எங்கள் வகுப்பில் பதினொரு குறிப்பேடுகள் உள்ளன. கேரித் தீவிலோ வேறு கடலோரத்திலோ உள்ள தமிழ்ப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் ஆண்டு வகுப்பெடுக்கும் ஆசிரியர் எவரேனும் இதைப் படித்தால், உங்கள் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அலை வற்றியிருக்கும் நேரத்தில் கரையில் என்ன மணம் வீசும்? மாணவர்கள் எழுதியதை ஓர் உறையிலிட்டு அனுப்புங்கள். எங்கள் பிள்ளைகள் தேயிலைத் தொழிற்சாலையின் மணத்தைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்கள்; உறையும் வாங்கியாயிற்று, முகவரிதான் இன்னும் எழுதப்படவில்லை.